கிருமி குடியிருக்கும் பிளாஸ்டிக்

புதுச்சேரி கடலை ஒட்டிய தாழ்வான, தட்டையான நகரம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் வெள்ளையர் குடியிருப்பையும் தமிழர் குடியிருப்பையும் பிரித்த பெரிய வாய்க்காலிலிருந்து உப்பனாறு வாய்க்கால் வரை, ஓடும் தண்ணீரைவிடத் தேங்கும் தண்ணீருக்குத்தான் இங்கே இடம் அதிகம். தேங்கிய சாக்கடையில் கியூலெக்ஸ் கொசு பெருகும். யானைக்கால் நோயைப் பரப்புவது அந்தக் கொசுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதற்கான ஆராய்ச்சி மையத்தை இந்த ஊரில் அமைத்தது. விசிஆர்சி என்ற பெயரில் ஊருக்கே தெரிந்த அந்த மையம், 1981 முதல் 1985 வரை நகரத்தையே களமாக எடுத்துக்கொண்டு யானைக்கால் நோய்க் கொசுவை ஒடுக்கும் பெரிய திட்டம் ஒன்றை நடத்தியது. பூச்சிக்கொல்லியை மட்டும் நம்பாமல், கொசு முட்டையிடும் இடங்களைக் குறைப்பது, புழுவைத் தின்னும் மீன்களை விடுவது, புழுவைக் கொல்லும் பாக்டீரியாவைத் தேடுவது என்று பல வழிகளை ஒருசேரப் பார்த்த மையம் அது. அதன் ஆய்வகம் வளர்த்தெடுத்த ஒரு பாக்டீரியாவை வைத்துக்கொண்டு, இன்று உலகெங்கும் பேசப்படும் ஒரு துறையைப் பற்றி யோசிக்கலாம்: உயிருள்ள பாக்டீரியாவைப் பாலிமருக்குள், அதாவது பிளாஸ்டிக்கோ பசையோ போன்ற நீண்ட சங்கிலிப் பொருளுக்குள், பொதித்து வைக்கும் துறை.

அந்தப் பாக்டீரியாவின் முழுப்பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். சுருக்கமாக பிடிஐ. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்து மிதந்த ஒரு குட்டையிலிருந்து இதை எடுத்தார்கள். 1978இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் இதைத் தனி வகையாக அடையாளம் கண்டார்கள். விசிஆர்சி தன் பங்குக்குத் தனித்தெடுத்த ரகத்துக்கு விசிஆர்சி பி-17 என்று பெயர். அதைப் பெருமளவில் தயாரிக்கும் தொழில்நுட்பம் பல நிறுவனங்களுக்குக் கைமாறியிருக்கிறது. பிடிஐ வேலை செய்யும் விதம் நுட்பமானது. உணவு தீர்ந்ததும் இந்தப் பாக்டீரியா தன்னைக் கெட்டியான ஓட்டுக்குள் அடைத்து வித்தாக மாறிக்கொள்ளும். அப்போதே பக்கத்தில் ஒரு புரதப் படிகத்தையும் உருவாக்கும். கொசுப்புழு தண்ணீரை வடிகட்டித் தின்னும்போது அந்தப் படிகமும் உள்ளே போகிறது. புழுவின் குடல் கடும் காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் படிகம் கரைந்து, செரிமான நொதிகளால் வெட்டப்பட்டு, நஞ்சாகிக் குடல் சுவரில் துளை போடுகிறது. புழு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் செத்துவிடும். மனிதன், மாடு, மீன் இவற்றுக்கு அப்படிப்பட்ட காரக் குடலோ, அந்த நஞ்சு பற்றிக்கொள்ளும் இடங்களோ இல்லை. குடிநீரில் சேர்ப்பதற்கும் உலக சுகாதார நிறுவனம் இதை வரையறைகளோடு ஏற்றிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு நல்ல மருந்து இருந்தும் சாக்கடையில் கொசு ஏன் ஒழியவில்லை என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் உண்டு. மருந்து தண்ணீரில் நிற்பதில்லை. வித்தும் படிகமும் தண்ணீரைவிடக் கனமானவை. மெல்ல அடியில் போய்ச் சேற்றோடு ஒட்டிக்கொள்கின்றன. மலேரியா பரப்பும் அனாஃபிலஸ் கொசுவின் புழு நீரின் மேற்பரப்பில் மேய்கிறது. அடியில் கிடக்கும் மருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. வெயிலின் புறஊதாக் கதிர் புரதத்தைச் சிதைக்கிறது. சாக்கடை நீரில் புழுவுக்கு வேறு தீனி நிறையக் கிடைப்பதால் மருந்தின் பங்கு குறைகிறது. ஆக, அழுக்கு நீரில் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாகப் பறப்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் ஆகிறது. தெளிக்கும் பணியாளர் ஒரு சுற்று தவறினால் ஒரு தலைமுறைக் கொசு பறந்துவிடும். பாக்டீரியாவிடம் குறை இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்கும் பொருள்தான் இல்லாமல் போயிற்று. நான் சொல்ல வருவதும் இதையொட்டித்தான். பாலிமருக்குள் பாக்டீரியா என்றதும் எல்லோருடைய கண்ணும் பாக்டீரியாவின் மீதே போகிறது. அதன் மீது வியப்பு, அதைக் கண்டு பயம். ஆனால் இந்த முயற்சிகள் வெல்வதும் தோற்பதும், நன்மை செய்வதும் கெடுதல் செய்வதும், பெரும்பாலும் பாலிமரைப் பொறுத்தே இருக்கிறது. நாம் கேள்வி கேட்க வேண்டியது அதை.

பொதிக்கும் முறை ஒன்றும் புதிதல்ல. ஜப்பானின் தனபே செய்யாக்கு நிறுவனம் 1973இலேயே ஈ.கோலை பாக்டீரியாவைப் பாலிஅக்ரிலமைடு என்ற பசைக்குள் அடைத்து, அதன் வழியே கரைசலை ஓடவிட்டு, அஸ்பார்டிக் அமிலத்தை ஆலை அளவில் தயாரித்தது. ஒரு முறை அடைத்த பாக்டீரியா மாதக்கணக்கில் உழைத்தது. 1978இல் அந்த நிறுவனம் பாலிஅக்ரிலமைடை விட்டுவிட்டுக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் காராஜீனனுக்கு மாறியது. பாக்டீரியா மாறவில்லை, பொதியும் பொருளை மாற்றியதில்தான் பலன் கூடியது. இன்று ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது இன்னொரு கடற்பாசிப் பொருள், ஆல்ஜினேட். சோடியம் ஆல்ஜினேட்டைத் தண்ணீரில் கரைத்துக் கொழகொழப்பாக்கி, பாக்டீரியாவை அதில் கலந்து, சொட்டுச் சொட்டாகக் கால்சியம் குளோரைடு கரைசலில் விட்டால் போதும். சொட்டு விழுந்த மாத்திரத்தில் அதன் வெளிப்புறம் இறுகும். சில நிமிடங்களில் வேகவைத்த ஜவ்வரிசி போல உருண்டையாகத் திரண்டு நிற்கும். கால்சியம் அயனிகள் பாலிமர்ச் சங்கிலிகளை அங்கங்கே பிணைத்து வலையாக்கிவிடுகின்றன. அந்த வலையின் கண்கள் பாக்டீரியாவைவிட மிகச் சிறியவை. சர்க்கரையும் உப்பும் போய்வரும், பாக்டீரியா வெளியேற முடியாது. வெப்பம் இல்லை, நச்சுக் கரைப்பான் இல்லை. உயிருக்கு ஊறு இல்லாமல் உயிரைப் பூட்டி வைக்க இதைவிட எளிய வழி அரிது.

ஆனால் தொழிற்சாலைத் தொட்டியில் வெற்றியாக இருப்பது சாக்கடையில் சிக்கலாகிறது. அமிலம் தயாரிப்பவருக்கு பாக்டீரியா வெளியே வரக் கூடாது. கொசுவைக் கொல்பவருக்கோ படிகம் புழுவின் வாய்க்குப் போயே ஆக வேண்டும். படிகம் வலையின் கண்ணைவிடப் பெரியது, தானாகக் கசியாது. எனவே உருண்டை மெல்ல அரிபட்டுக் கரைய வேண்டும், அல்லது புழுவே வந்து அதைச் சுரண்டித் தின்ன வேண்டும். மிதக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் சேற்றில் புதையும். இங்கேதான் புதுச்சேரியின் தண்ணீர் கணக்கில் வருகிறது. கடலோர நிலத்தடி நீரில் உப்பு அதிகம். வீட்டுக் கழிவு நீரில் சோப்புத் தூள் அதிகம். சோடியம் மிகுந்தால் உருண்டையைப் பிணைத்திருக்கும் கால்சியத்தை அது வெளியே தள்ளும்; பாஸ்பேட் இருந்தால் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். தூய நீரில் ஒரு மாதம் நிற்கும் உருண்டை, முகத்துவாரத்தை ஒட்டிய வாய்க்காலில் சில நாட்களில் கூழாகிவிடக் கூடும். இதற்கும் மாற்று உண்டு. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானை மேல்பூச்சாகப் பூசினால் எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து உருண்டைக்கு வலு கொடுக்கின்றன. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மீனவர்கள் கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று சொல்லும் பழுப்புப் பாசிகளிலிருந்து ஆல்ஜினேட் கிடைக்கிறது. அந்தக் கடலோரப் பெண்கள் பல காலமாகச் சேகரித்து விற்கிற பொருள் அது. இறால் ஓடும் இதே கரையில் கழிவாகக் கிடைக்கிறது. மூலப்பொருளுக்கு நாம் வேறெங்கும் கையேந்த வேண்டியதில்லை. குறைவது, நம் சாக்கடைத் தண்ணீருக்கு ஏற்ப உருண்டையைச் செய்து பார்க்கும் பொறுமையான சோதனை.

வயலிலும் இதே கதைதான். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரப் பொட்டலங்களைத் தெரியாத விவசாயி தமிழ்நாட்டில் இல்லை. அந்தப் பொட்டலத்துக்குள் பாக்டீரியாவைச் சுமப்பது பெரும்பாலும் நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரியின் தூள். மலிவானது, ஈரத்தைப் பிடித்து வைப்பது. ஆனால் சில மாதங்களில் உயிருள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சரியும். வெயிலில் கிடந்த பொட்டலம் என்றால் சொல்லவே வேண்டாம். ஆல்ஜினேட் உருண்டைக்குள் அசோஸ்பைரில்லத்தை அடைத்து உலர்த்தி வைக்கும் முறை 1980களிலேயே வெளியாகிவிட்டது. உலர்ந்த உருண்டைக்குள் பாக்டீரியா நீண்ட காலம் உறங்கிக் கிடந்து, மண்ணில் ஈரம் பட்டதும் மெல்ல வெளிவருகிறது. விலைதான் தடை. உயிர் உரம் பலிக்கவில்லை என்று விவசாயி சொல்லும்போது பழி பாக்டீரியாவின் மேல் விழுகிறது. கடையில் வாங்கிய அன்று அது உயிரோடு இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இனி, செய்திகளில் அதிகம் அடிபடும் உயிருள்ள பிளாஸ்டிக்குக்கு வருவோம். 2024 ஏப்ரலில் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலணி அடிப்பாகத்துக்கும் கைப்பேசி உறைக்கும் பயன்படும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேனோடு பேசில்லஸ் சப்டிலிஸ் வித்துகளைக் கலந்து, 135 டிகிரி வெப்பத்தில் உருக்கிப் பட்டைகளாக இழுத்தார்கள். அந்தச் சூட்டைத் தாங்கும் வித்துகளைப் பெறுவதற்காக, முதலில் வித்துகளைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்து, தப்பியவற்றையே வளர்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விளைவு இரண்டு. வித்து கலந்த பிளாஸ்டிக் முன்னைவிட உறுதியானது. அதையே மக்கும் உரத்தில் புதைத்தபோது, வித்துகள் விழித்து, 5 மாதத்தில் பிளாஸ்டிக்கில் 90 சதவீதத்துக்கு மேல் சிதைந்தது. வேறு நுண்ணுயிர் இல்லாதபடி கிருமி நீக்கிய உரத்திலும் அப்படியே நடந்தது. அதே ஆண்டில் சீனாவின் ஷென்ஜென் நகர ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். பாலிகேப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக்கைச் செரிக்கும் நொதியைச் சுரக்கும்படி சப்டிலிஸின் மரபணுவைத் திருத்தி, அந்த வித்துகளைப் பிளாஸ்டிக்குக்குள் வைத்தார்கள். மேற்பரப்பு அரிக்கப்பட்டு வித்துகள் வெளிவந்ததும், ஒரு வாரம் ஆகுமுன் பிளாஸ்டிக் சிதைந்தது. வித்தின் ஆற்றலை நினைத்தால் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஈரம் வற்றிய உடல், பல அடுக்கு ஓடு, உணவு வேண்டாத உறக்கம். உருகிய பிளாஸ்டிக்குக்குள் போட்டு எடுத்தாலும் உயிர் போகாத வேறு எதையும் நாம் அறியோம் என்றே சொல்லலாம்.

இதைக் கேட்டதும் எழும் முதல் ஆட்சேபம், கிருமியைக் கொண்டுபோய்க் காலணியிலும் சாக்கடையிலும் வைத்தால் மனிதனுக்கு என்ன ஆகும் என்பது. நியாயமான கேள்வி. பேசில்லஸ் சப்டிலிஸ் மண்ணிலும் வைக்கோலிலும் எங்கும் இருப்பது. ஜப்பானியர் சோயாவைப் புளிக்கவைத்துத் தின்னும் நாட்டோவை உருவாக்குவதும் அதுவே. பிடிஐ பற்றி இன்னும் கவனமாகப் பேச வேண்டும். கெட்டுப்போன சோற்றால் வாந்தி வரவழைக்கும் பேசில்லஸ் சீரியஸ், பிடிஐக்கு மிக நெருங்கிய உறவு. எனவே ஒவ்வொரு தயாரிப்பையும் சோதித்துத்தான் விட வேண்டும். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவில்லாமல் அதை விற்கவும் முடியாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுக்க நதிகளிலும் வாய்க்கால்களிலும் தெளித்துப் பழகிய பாக்டீரியா அது. உருண்டைக்குள் அடைப்பதால் அதன் தன்மை கூடுதலாகக் கொடியதாகிவிடாது. மரபணு திருத்திய வித்துகள் தனி வகை. அவற்றைத் திறந்த வெளியில் விட இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் விதிகளின்படி மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் கதவு கெட்டியாகவே இருக்கட்டும். மரபணு திருத்தாத பாக்டீரியாவைக் கொண்டே செய்யக்கூடிய வேலை நம் முன்னால் நிறையக் கிடக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட ஆழமானது. மருந்து மாதக்கணக்கில் தண்ணீரில் கசிந்துகொண்டே இருந்தால் கொசு பழகிவிடாதா? பழகியிருக்கிறது, பக்கத்து மாநிலத்திலேயே. பிடிஐக்கு ஒன்றுவிட்ட உறவான பேசில்லஸ் ஸ்பேரிக்கஸ், அழுக்கு நீரில் அதிக நாள் நிற்கும். செத்த புழுவின் உடலிலேயே முளைத்துப் பெருகவும் செய்யும். அந்த நல்ல குணத்தை நம்பிக் கொச்சியில் தொடர்ந்து தெளித்தார்கள். அங்கே கியூலெக்ஸ் கொசுக்களிடம் அதற்கு மிக உயர்ந்த எதிர்ப்புத் திறன் உருவாகிவிட்டதை 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு தெற்கு பிரான்சிலிருந்தும் இதே செய்தி. ஸ்பேரிக்கஸ் கொல்வது முக்கியமாக ஒரே ஒரு நச்சுக் கூட்டால். அந்த ஒரு பூட்டை மாற்றிக்கொண்ட கொசு தப்பிவிட்டது. பிடிஐயின் படிகத்தில் நான்கு முக்கிய நச்சுகள் சேர்ந்திருப்பதால் களத்தில் அதற்குக் குறிப்பிடத்தக்க எதிர்ப்பு உருவாகவில்லை. அந்த நான்கில் ஒன்றை மட்டும் பிரித்துக் கொடுத்தால் கொசு சில தலைமுறைகளில் பழகிவிடுகிறது, நான்கையும் சேர்த்துக் கொடுத்தால் அநேகமாகப் பழகுவதில்லை என்பதை 1997இல் கலிஃபோர்னியாவில் செய்த ஆய்வகச் சோதனை காட்டியது. இங்கும் விஷயம் பாலிமரிடமே வந்து நிற்கிறது. பொதியும் பொருள் நான்கு புரதங்களையும் சேர்த்துக் காத்து, சேர்த்தே வெளியிட்டால் பலன் நீடிக்கும். ஒன்று முன்னே சிதைந்து இன்னொன்று நெடுநாள் குறைந்த அளவில் தங்கினால், கொச்சியில் நடந்ததை நாமே வாய்க்காலில் செய்தவர்களாவோம். எவ்வளவு நாள் நிற்கிறது என்று மட்டும் பார்த்து உருண்டையைப் பாராட்டக் கூடாது. ஆற்றல் தீர்ந்த பிறகு அது முழுதாக ஒழிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒழிவது என்றதும் தெர்மாகோல் நினைவுக்கு வருகிறது. கழிவுக் குழிகளிலும் பயன்படாத கிணறுகளிலும் பாலிஸ்டைரீன் குருணையைக் கொட்டி நீரை மூடிவிட்டால் கொசுப்புழு மூச்சுவிட முடியாமல் செத்துவிடும். தமிழ்நாட்டில் திருக்கோவிலூர் வட்டாரத்தில், மாத்திரை கொடுப்பதோடு இதையும் சேர்த்துச் செய்தபோது யானைக்கால் நோய்த் தடுப்புக்குக் கூடுதல் பலன் கிடைத்தது. உயிரே இல்லாத வெறும் பாலிமர் செய்த வேலை அது. பல ஆண்டுகள் அழியாமல் மிதந்ததால்தான் அது பலன் தந்தது. அதே காரணத்தால் அதைத் திறந்த வாய்க்காலில் போட முடியாது. ஐப்பசி மழை வெள்ளத்தில் ஒவ்வொரு குருணையும் கடலுக்குத்தான் போகும். பாக்டீரியாவை நாம் இவ்வளவு துருவிக் கேட்கிறோம், அழியாத குருணையைக் கேட்டோமா?

சான் டியேகோ பிளாஸ்டிக்கை நான் தயக்கத்தோடு பார்ப்பதும் இந்தக் கோணத்தில்தான். ஆய்வில் அது சிதைந்தது 37 டிகிரி வெப்பமும் சீரான ஈரமும் காக்கப்பட்ட உரத்தில். நம்முடைய பழைய செருப்பு போய்ச் சேருமிடம் அதுவல்ல. குரும்பாபேட் குப்பைமேடு, வாய்க்கால், கடல். அங்கே வித்துகள் எப்போது விழிக்கும், பாதி சிதைந்த துணுக்குகள் எங்கே போகும் என்பதற்கு உரக்குழிச் சோதனை பதில் சொல்லாது. இந்தியாவில் மக்கும் பிளாஸ்டிக் என்று விற்க வேண்டுமானால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்று குறிப்பது உரமாக்கும் ஆலையின் சூழலை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பிளாஸ்டிக் பொருட்கள் 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்ட நிலையில், உள்ளே பாக்டீரியா இருக்கிறது, தானே மக்கிவிடும் என்ற விளம்பரத்தோடு அவை வேறு பெயரில் திரும்பி வர இடம் கொடுக்கக் கூடாது. ஆராய்ச்சியைக் குறை சொல்லவில்லை. எளிதில் மறுசுழற்சிக்கு வராத பாலியூரித்தேனுக்கு ஒரு முடிவு தேடும் வேலை அவசியமானது. அதை வைத்து இப்போதே கடைத்தெருவில் வாக்குறுதி கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

அப்படியானால் கடற்பாசி உருண்டை மலிவா, அத்தனை வாய்க்காலுக்கும் போட்டுக் கட்டுப்படியாகுமா என்று நகராட்சிக் கணக்கர் கேட்பார். ஒரு கிலோ மருந்தின் விலையை மட்டும் பார்த்தால் கட்டுப்படியாகாது. தூளாகவோ நீர்மமாகவோ வரும் பிடிஐயைவிட உருண்டை விலை கூடும். ஆனால் மருந்து தெளிப்பதில் பெரிய செலவு ஆள் செலவு. வாரம் ஒரு முறை போக வேண்டிய இடத்துக்கு மாதம் ஒரு முறை போனால் போதும் என்றால் கணக்கே மாறும். எல்லா வாய்க்காலிலும் போட வேண்டும் என்பதும் இல்லை. தூர்வாரித் தண்ணீரை ஓடவைக்கக்கூடிய இடத்தில் தூர்வாருவதே சரி. அதைத் தள்ளிப்போட எந்த உருண்டையும் சாக்காகக் கூடாது. தூர்வார முடியாத மூடிய வடிகால், பூட்டிய வீட்டின் கிணறு, கட்டுமானக் குழி, ஆள் ஏற முடியாத மாடித்தொட்டி போன்ற இடங்களுக்குத்தான் நீண்ட நாள் நிற்கும் மருந்து தேவைப்படுகிறது. கூட்டுப்புழு ஒன்றும் தின்பதில்லை, அதை பிடிஐ தொடாது. ஆகையால் உருண்டை போட்ட மறுநாளே கொசு குறையவில்லை என்று கைவிட்டுவிடவும் கூடாது. இதையெல்லாம் சோதித்துப் பார்க்கும் தகுதி இந்த ஊருக்கு உண்டு. 2022 ஜூலையில் இதே விசிஆர்சி, வோல்பாகியா என்ற பாக்டீரியாவை டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் உடலுக்குள்ளேயே குடியேற்றிய இரண்டு கொசு வம்சங்களை உருவாக்கிவிட்டதாக அறிவித்தது. பாக்டீரியாவை எங்கே குடிவைப்பது என்பதில் இந்த ஊருக்கு இருக்கும் அனுபவம் சாதாரணமானதல்ல. பி-17ஐச் சுமக்க ஆல்ஜினேட்டா, கைட்டோசான் பூசியதா, தேங்காய் நார்க்கழிவு கலந்து மிதப்பதா என்பதை உப்பனாறு வாய்க்காலின் தண்ணீரிலேயே, கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழையில் ஒரு முறையும் போட்டுப் பார்த்து, எத்தனை நாள் கொன்றது என்பதோடு எத்தனை நாளில் மிச்சமின்றிக் கரைந்தது என்பதையும் ஒரே அட்டவணையில் வெளியிட வேண்டும்.